கலப்பு முறை

ஒன்பதாம் வீடு, தென் சமவெளி, செவ்வாய்
பதிபவர்: கோமதி வேலாயுதம், பனிக்கட்டி ஆய்வாளர்

நாள் 731, காலை 7:20

வழக்கமான பதிவு. உள் அழுத்தம் சரி. நீர் சரி. வெளியே தூசி குறைவு.

இன்று வீட்டு வைஃபையின் மாதச் சோதனை. பதினான்கு கருவிகள் இணைந்திருக்கின்றன. பத்து புதியவை. காற்றுச் சுத்திகரிப்பான், நீர்ப் பம்பு, வாசல் கேமரா, வெளிவண்டி ஆகிய நான்கும் பழையவை. முதல் குடியேற்றத்தோடு வந்தவை. அவற்றுக்குப் பழைய பூட்டு மொழி மட்டுமே தெரியும். புதிய பூட்டு மொழியில் கூப்பிட்டால் பதில் வராது. அதனால் ரவுட்டரைக் கலப்பு முறையில் ஓட்டுகிறேன். புதியவற்றோடு புதிய மொழி, பழையவற்றோடு பழைய மொழி. முன்வாசலுக்கு இரும்புப் பூட்டும் பின்வாசலுக்குக் கயிறும் கட்டிய வீடு போல. அந்த வீட்டின் காவல் எவ்வளவு என்று கேட்டால், கயிறு அளவு.

பழையவற்றைத் தனியே ஒதுக்கி, கடவுச்சொல்லை மாற்றும்படி நடுவண் நிலையம் ஆறு மாதமாகச் சொல்கிறது. புது ரவுட்டர் ஒன்றும் அனுப்பியது. உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

காரணம் தொழில்நுட்பம் அல்ல. ஆனாலும் பதிகிறேன். இப்போதைய கடவுச்சொல் என் கணவர் வேலாயுதம் வைத்தது. என் பெயரும் நாங்கள் மணந்த ஆண்டும். போன குளிர்காலத்தில் அவர் இறந்தார். ஏதாவது ஒரு கருவி நின்று மறுபடி எழும்போது கடவுச்சொல் கேட்கும். அப்போது அவர் எழுதிய விதத்தில் என் பெயரை எழுத வேண்டியிருக்கும். மாற்றிவிட்டால் என்னை அப்படி எழுத யாரும் இல்லை.

என் வெளியுடையின் கழுத்து வளையம் விரிசல் விட்டு இரண்டு மாதம் ஆகிறது. மாற்று வளையம் இன்னும் வரவில்லை. அதனால் வெளி வேலை எல்லாம் சொரிமுத்துவின் தலையில். அவன் வேலாயுதத்தின் தம்பி, என் கொழுந்தன். இந்த வீட்டில் இப்போது நாங்கள் இருவர் மட்டும். இன்று பக்கத்துக் கோபுரத்தில் தூசி தட்ட ஏறினான். அங்கிருந்து வானொலியில்:

"மதினி, இங்கன இருந்து பாத்தா நம்ம வீடு இட்லிச் சட்டியக் கவுத்து வச்ச மாதிரி இருக்கு. உள்ள இட்லி இருக்கா?"

பாசிக் களிதான் இருக்கிறது என்றேன்.

"அப்ப நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்."

நாளை அவன் பனித் துளைக்குப் போகிறான். இரண்டு நாள் வேலை.

நாள் 732, காலை 6:45

சொரிமுத்து வண்டியில் கிளம்பினான். வீட்டில் உள்ள இரண்டு உபரிக் காற்றுக் குப்பிகளில் ஒன்றை எடுத்துப்போகச் சொன்னேன். வண்டித் தொட்டியின் காற்றே போதும் என்று சிரித்துவிட்டு, எடுத்த குப்பியைத் திரும்பக் கொக்கியில் மாட்டினான். காற்றறைக்குள் நுழையும்போது வழக்கம் போல "போயிட்டு வாரேன் மதினி" என்றான். அடுத்த அறைக்குப் போனாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் போவான். சங்கரன்கோவில் பக்கத்தில் எங்கள் வீடுகளில் யாரும் "போறேன்" என்று வாயெடுத்துச் சொல்வதில்லை. சொன்னால் அம்மாமார் வாயிலேயே அடிப்பார்கள். நாற்பத்தாறு வயதில், இன்னொரு கோளில், நானும் இன்னும் சொல்வதில்லை.

நாள் 733, காலை 10:05

நடுவண் நிலையத்தின் பொது அறிவிப்பு. அப்படியே பதிகிறேன்:

"எல்லா வீடுகளுக்கும், வெளியே உள்ள வண்டிகளுக்கும். மூன்று வீடுகளின் வைஃபைக்குள் அந்நிய நிரல் நுழைந்துள்ளது. பழைய பூட்டு மொழி வழியாக நுழைகிறது. பழைய கருவிகளை உடனே வைஃபையிலிருந்து எடுங்கள். வானொலிக் கோபுரங்களிலும் அது இருக்கிறது. பேச்சில் வரும் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் பிடித்துக்கொள்கிறது. கடவுச்சொல்லை வானொலியில் சொல்லாதீர்கள். மறு அறிவிப்பு வரை நிலையத்திலிருந்து எந்த வண்டியும் எந்த வீட்டுக்கும் வராது."

அது எங்கே பிறந்தது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பகை கிடையாது. ஒரு கருவிக்குள் நுழைகிறது. அடுத்த கருவியைத் தேடும் வேலையை அதற்குக் கொடுக்கிறது. அதன் பிறகு அந்தக் கருவி வேறு எதையும் செய்வதில்லை.

நாள் 733, காலை 11:30

ஏழாம் வீட்டிலிருந்து பாக்கியம் பேசினாள். எங்களுக்கு மிக அருகில் உள்ள வீடு. அருகில் என்றால் வண்டியில் ஒரு முழுப் பகல்.

"கோமதி, எங்க காத்துப் பெட்டியில பச்ச லைட்டு நல்லா எரியுது. ஆனா சத்தமே காணோம். பச்சன்னா நல்லதுதானப்பா?"

உடனே எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சுத்திகரிப்பானைத் திறந்து பார்க்கச் சொன்னேன். "அவரு தூங்குறாரு, எந்திரிக்கட்டும்" என்றாள். பகல் பதினோரு மணிக்கு அவள் கணவர் தூங்குகிற ஆள் இல்லை.

பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் பதில் இல்லை.

நாள் 733, பிற்பகல் 1:40

முடித்துவிட்டேன்.

பழைய ரவுட்டரைச் சுவரிலிருந்து கழற்றினேன். உறையைப் பிரித்துப் புதியதைப் பொருத்தினேன். கலப்பு முறை இல்லை. புதிய பூட்டு மொழி மட்டும். சுத்திகரிப்பானையும் பம்பையும் கம்பி வழியாக நேரே புது ரவுட்டர்ப் பெட்டியில் சொருகிவிட்டேன். வாசல் கேமராவின் இணைப்பை வெட்டினேன். இனி வாசலில் நடப்பது எனக்குத் தெரியாது.

புதுப் பெட்டியின் குணங்களைப் பதிந்து வைக்கிறேன். யாருக்காவது உதவும்.

இதில் எதை மாற்றினாலும் அணைத்துத்தான் மறுபடி எழுப்ப வேண்டும். எழுந்ததும் முதல் நான்கு நிமிடம் அது பிறந்த நிலையில் இருக்கும். யார் கேட்டாலும் உள்ளே விடும். இன்று அந்த நான்கு நிமிடமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதுவும் வரவில்லை. அது இன்னும் நம் கோபுரத்துக்கு வந்து சேரவில்லை போலும். இனி அப்படி நடக்காது.

ஒரு கருவி மூன்று முறை தவறான கடவுச்சொல் கொடுத்தால் ஆறு மணி நேரம் அதைச் சேர்க்காது.

விசைப்பலகையில் ஆங்கில எழுத்து மட்டும். தமிழ் கிடையாது.

சொரிமுத்துவின் வெளியுடைக்குப் போன வருடம்தான் புது வானொலி மாற்றினோம். புதிய மொழி அதற்குத் தெரியும். புதிய கடவுச்சொல்தான் தெரியாது. வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. அதனால் குறிப்பால் சொன்னாலே அவனுக்குப் புரியக்கூடிய ஒன்றை வைத்தேன். அந்நிய நிரலின் எந்தச் சொற்பட்டியலிலும் இருக்க முடியாத தமிழ்ச் சொல். ஆங்கில எழுத்தில் தட்டினேன். பாக்கியத்தின் குரல் காதில் இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே தட்டி முடித்தேன்.

பழைய ரவுட்டரைத் தூக்கி எறியவில்லை. மின்சாரம் இல்லாமல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

நாள் 734, பிற்பகல் 3:10

சொரிமுத்துவிடமிருந்து:

"மதினி, வண்டி நின்னுட்டு. விளக்கு எல்லாம் பச்சையா எரியுது, சக்கரமும் சுத்த மாட்டேங்கு, காத்தும் வர மாட்டேங்கு. நான் நடந்து வாரேன். நாப்பது நிமிசந்தான்."

வண்டியைப் பிடித்துவிட்டது. கோபுரத்தையும் பிடித்திருக்கும். இனி நாங்கள் பேசுவது எல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது.

இந்தப் பதிவுகளை இனிக் காகிதத்தில் பென்சிலால் எழுதுகிறேன்.

நாள் 734, பிற்பகல் 4:00

வாசலுக்கு வெளியே நிற்கிறான். அவன் உடையில் ஆறரை மணி வரை காற்று இருக்கிறது.

வெளிக்கதவு புதியது. நம் வைஃபையில் இணைந்த உடை ஒன்று தன் அழுத்தத்தைச் சொன்னால்தான் திறக்கும். கையால் திறக்கும் நெம்புகோல் கசிகிறது என்று மாற்றும்போது எடுத்துவிட்டார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டது நான்தான். வளையம் விரிந்த என் உடையைக் கதவு ஏற்காது. ஆகவே அவன் மணிக்கட்டுப் பலகையில் கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். வேறு வழி இல்லை.

நாள் 734, மாலை 4:25

வானொலியில் குறிப்புக் கொடுத்தேன். உன் அண்ணனின் கடைசிப் பிறந்த நாளுக்கு நான் என்ன செய்தேன், அதைத் தின்றுவிட்டு நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

சிரித்தான். அவனுக்கு நினைவிருந்தது. சோயாவை உருட்டிப் போட்டுக் கோழிக்குழம்பு என்று பரிமாறினேன். இந்தக் குழம்பில் கோழி நீந்திக் கரையேறிப் போய்விட்டது போல என்றான். வேலாயுதம் இருமி இருமிச் சிரித்தார். அவர் கடைசியாக அப்படிச் சிரித்தது அன்றுதான்.

"அதயா பாஸ்வேர்டா வச்சீய? களவாணிப்பய கூடத் திங்க மாட்டானே மதினி."

முதல் முறை. கோழி என்று மட்டும் தட்டியிருக்கிறான். தவறு. முழுப் பெயரும் என்றேன்.

இரண்டாம் முறை. முழுப் பெயர். அதுவும் தவறு.

ஏன் என்று யோசித்தேன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுத எத்தனை வழி உண்டோ அத்தனை ஆட்கள் உண்டு. எங்கள் ஊர்ப் பேச்சில் ழ கிடையாது. கோளி என்போம். குழம்பைக் கொளம்பு என்போம். ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் ழகரத்துக்கு இரண்டெழுத்துப் போடுவார்கள், சிலர் வாயில் வருகிறபடி ஓரெழுத்தோடு விடுவார்கள். கோழியைப் புத்தகத்தில் உள்ளபடியும் கொளம்பைச் சொல்கிறபடியும் பாதிக்குப் பாதி போட்டேன் என்றான்.

அவனும் யோசித்தான். எழுத்துகளைச் சொல்ல முடியாது. அது கேட்டுக்கொண்டிருக்கிறது. பிறகு, அதற்குப் புரியாத விதத்தில், ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"மதினி. பேசுத மாதிரியா, எழுதுத மாதிரியா?"

இதைவிடச் சரியான கேள்வியை யாரும் கேட்டிருக்க முடியாது.

"எழுதுற மாதிரி," என்றேன். யோசிக்கவே இல்லை. நான் படித்தவள். கட்டுரை எழுதுகிறவள். கடவுச்சொல்லைக் கொச்சையாகவா எழுதுவேன்?

நாள் 734, மாலை 4:40

தவறு.

அவன் உடை ஆறு மணி நேரத்துக்கு விலக்கப்பட்டது. இரவு 10:40க்குத்தான் மறுபடி கேட்கலாம்.

அவனுக்குக் காற்று ஆறரை வரை.

நாள் 734, மாலை 4:50

பெட்டியின் முகப்பில் கடவுச்சொல் புள்ளிகளாகத் தெரியும். எழுத்துக்கு ஒரு புள்ளி. விரல் வைத்து எண்ணினேன். பதினொன்று. எழுதுவது போல எழுதினால் பதின்மூன்று வர வேண்டும்.

பேசுவது போலத்தான் எழுதியிருக்கிறேன். கோளிக்கொளம்பு. பயத்தில் முணுமுணுத்துக்கொண்டே தட்டினேன். பயந்தால் எனக்கு வருவது ஊர் வாய்தான். அவன் கேட்டபோது புள்ளிகள் கண் முன்னால் இருந்தன. எண்ணவில்லை. என்னைப் பற்றி எனக்கு அவ்வளவு நிச்சயம்.

அவனிடம் சொன்னேன். அவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன்.

"விடுங்க மதினி. அண்ணன் அப்பவே சொன்னான், உங்க மதினி இங்கிலீசுலயும் இலக்கணம் பாப்பான்னு. இன்னிக்குன்னு பாத்து எங்க ஊருக்காரியாயிட்டீய."

நாள் 734, மாலை 5:00

ஒரு வழி இருக்கிறது. பெட்டியை அணைத்து எழுப்புவது. எழும்போது விலக்கு அழிந்துவிடும். முதல் நான்கு நிமிடம் யார் கேட்டாலும் சேர்க்கும். அவன் உடை சேரும், கதவு திறக்கும், உள்ளே வந்துவிடுவான்.

அதுவும் உள்ளே வரும். கோபுரத்தில் காத்திருக்கிறது. கம்பியில் இருந்தாலும் சுத்திகரிப்பான் பெட்டி சொன்னால்தான் ஓடும். பெட்டி போனால் காற்றும் போகும். வீட்டுக்குள் நிற்கும் காற்று இரண்டு பேருக்கு இரண்டு நாளுக்கு வரும். வண்டிகள் எப்போது நகரும் என்று நிலையம் சொல்லவில்லை.

இரண்டு நாள் என்பது இரண்டு நாள். அதற்குள் பழைய ரவுட்டரை வைத்து ஏதாவது செய்து பார்க்கலாம். அவன் கைக்கு இயந்திரம் பணியும். அவனிடம் சொன்னேன். வாசலிலேயே நில், இப்போதே அணைக்கிறேன் என்றேன்.

"பெட்டியத் தொடாதீய மதினி."

தொடுவேன் என்றேன். நீ வெளியே நிற்கும்போது நான் உள்ளே உட்கார்ந்து மூச்சு விட வேண்டுமா என்று கத்தினேன்.

"சரி. அவசரப்படாதீய. வண்டியில ஒரு காத்துக் குப்பி கிடக்கு. உள்ள வந்த பெறகு அது நமக்கு உதவும். போய் எடுத்துட்டு ஓடியாந்துருதேன். வந்து வாசல்ல மூணு தடவ தட்டுதேன். அப்ப அணைங்க. அதுக்கு முன்னாடி பெட்டி மேல கை வைக்கக் கூடாது. சத்தியமா?"

சரி என்றேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. போக நாற்பது, வர நாற்பது. ஆறரைக்கு முன்னால் வந்துவிடலாம். ஒரு குப்பி என்றால் இன்னும் அரை நாள்.

"போயிட்டு வாரேன் மதினி."

சீக்கிரம் வா என்றேன்.

நாள் 734, மாலை 5:20

வானொலி போய்விட்டது. ஓயாத இரைச்சல். அதுவும் அடுத்த கருவியைத் தேடப் போய்விட்டது.

இனித் தட்டும் சத்தம் ஒன்றுதான். காற்றறையின் உள்கதவில் காதை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். பெட்டியை நீளக் கம்பியில் இழுத்து மடியில் வைத்திருக்கிறேன்.

வேலாயுதம் இருந்தால் என்ன செய்வார் என்று யோசித்தேன். பழைய பெட்டியிலேயே விட்டிருப்பார். அதுவும் சாவுதான். ஆனால் கதவு திறந்திருக்கும்.

நாள் 734, மாலை 6:12

தட்டினான்.

இரண்டு முறை கேட்டது. மூன்றாவதற்குக் காத்திருந்தேன். வரவில்லை. மூன்றாவது தட்டுக்குக் கையில் தெம்பு இல்லை என்று நினைத்தேன். மணி 6:13. அணைத்தேன். எழுப்பினேன்.

நாள் 734, மாலை 6:18

முகப்பில் பெயர்கள் வருகின்றன. விளக்குகள். அடுப்பு. என் உடை. உள்கதவு. வெளிக்கதவு. சமையலறைத் தராசு. எல்லாம் வருகின்றன. அவன் பெயர் வரவில்லை.

எனக்குத் தெரியாத பெயர் ஒன்று வந்தது. எழுத்தே இல்லாத பெயர். வெறும் கட்டங்கள்.

நான்கு நிமிடமும் முத்து முத்து என்று கதவை அடித்துக்கொண்டிருந்தேன். பதிலுக்கு ஒரு தட்டு கேட்டது. உள்கதவின் மேல் மூலையிலிருந்து. அங்கே யார் கையும் எட்டாது.

பொழுது சாயும்போது வெளித்தகடு குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது தட்டுகிற மாதிரி சத்தம் வரும். ஒன்று, இரண்டு. பிறகு நின்றுவிடும். இந்த வீட்டில் ஒவ்வொரு மாலையும் கேட்ட சத்தம்தான்.

நாள் 734, மாலை 6:35

சுத்திகரிப்பானின் சத்தம் நின்றது. விளக்கு பச்சை.

கம்பியைப் பிடுங்கினேன். ஓடவில்லை. பழைய ரவுட்டருக்கு மின்சாரம் கொடுத்தேன். எழுந்தது, கோமதி என்று தட்டினேன், ஆண்டையும் தட்டினேன், அவர் எழுதுகிற மாதிரியே. ஏற்றுக்கொண்டது. அரை நிமிடம் சுத்திகரிப்பான் முனகியது. பிறகு பழைய ரவுட்டரும் பச்சையாகிவிட்டது.

ஆறரை தாண்டிவிட்டது.

நாள் 734, மாலை 7:10

காற்றறைக்குப் பக்கத்தில் குப்பி மாட்டும் கொக்கிகள் இருக்கின்றன. தற்செயலாகத்தான் பார்த்தேன்.

இரண்டு குப்பியும் அங்கேதான் தொங்குகின்றன. துளைக்குக் கிளம்பிய காலையில் அவன் கையாலேயே திரும்ப மாட்டினான். நான் எடுத்துப்போகச் சொல்லி, அவன் சிரித்து, மாட்டினான். வண்டியில் குப்பி இல்லை. அது அவனுக்குத் தெரியும்.

அவன் வண்டிக்குப் போகவில்லை.

அவன் வாசலில் இல்லாதவரை நான் பெட்டியைத் தொட மாட்டேன் என்று கணக்குப் போட்டிருக்கிறான். காத்திருப்பேன், காத்திருந்து காத்திருந்து ஆறரை தாண்டும், அதற்குப் பிறகு அணைக்கக் காரணமே இருக்காது. பெட்டி பிழைக்கும். காற்று ஓடும். ஒரு ஆள் இருப்பாள். நல்ல கணக்கு. மாலையில் தகடு தட்டும் என்பது மட்டும் அதில் இல்லை.

அவன் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. குப்பி பொய். கடைசியாகச் சொன்னது பொய் இல்லை. கடைக்குப் போகிறவனும் அதைத்தான் சொல்வான். திரும்பி வராமல் போகிறவனுக்கும் எங்களிடம் வேறு சொல் கிடையாது. அதைக் கேட்டு நான் சீக்கிரம் வா என்றேன்.

நாள் 735, காலை 8:00

காலையில் முகப்பைப் பார்த்தேன். பட்டியலின் கடைசியில்:

சொரிமுத்து. இணைந்தது.

பக்கத்தில் பச்சை.

எழுந்து ஓடினேன். உள்கதவுக் கண்ணாடி வழியாகக் காற்றறையைப் பார்த்தேன். வெளிக்கதவு தானாகத் திறந்தது. சமவெளி தெரிந்தது. அவன் அடிச்சுவடு தெரிந்தது. வண்டி நிற்கும் பக்கமாக இல்லை, அதற்கு நேர் எதிராக, பள்ளத்தாக்குப் பக்கமாகப் போகிறது. யாரும் இல்லை. கதவு இரண்டு நிமிடம் திறந்திருந்துவிட்டு மூடிக்கொண்டது.

என்னைத் தேற்றிக்கொண்டு யோசித்தேன். அது கோபுரத்தின் வழியாக அவன் உடையின் வானொலியைப் பிடித்திருக்கிறது. உடையில் இன்னும் மின்சாரம் இருக்கிறது. உடைக்குள் அவன் இல்லை, அவன் உடம்பு இருக்கிறது. அந்த வானொலி இப்போது அடுத்த கருவியைத் தேடுகிறது. கதவு அவன் பெயரைக் கேட்டுத் திறக்கிறது. நேற்று ஏற்காத பெயரை.

ஒவ்வொரு மணிக்கும் திறக்கிறது. ஒவ்வொரு முறையும் போய்ப் பார்க்கிறேன்.

நாள் 736, காலை

தலை கனக்கிறது. விளக்குகளை அணைக்க முடியவில்லை, எல்லாம் பச்சையில் எரிகின்றன. வீடு முழுக்கப் பாசிக் குளம் மாதிரி இருக்கிறது. இத்தனை கருவிகள் நல்லபடியாக இருப்பதாகச் சொல்லி நான் பார்த்ததே இல்லை.

நின்ற காற்று ஒரு ஆளுக்கு நான்கு நாள் வரும் என்பது ஏட்டுக் கணக்கு. நான் ஓடுகிறேன், அழுகிறேன். அவ்வளவு வராது.

பாக்கியத்தை நினைத்துக்கொண்டேன். பச்சை என்றால் நல்லதுதானே என்று கேட்டாள். யாராவது அவளிடம் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கொஞ்சம் நிம்மதியாகப் படுத்திருப்பாள்.

நாள் 737

சுத்திகரிப்பானைத் திறந்து விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தேன். வடிகட்டியின் வாய் மூடியிருக்கிறது. அதைத் திறக்கும்படி பெட்டி சொல்ல வேண்டும். நான் சொல்வது அதற்குக் கேட்காது.

பென்சில் கட்டையாகிவிட்டது. அவசியமானதை மட்டும் எழுதுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு. உங்கள் வண்டியைத் தொலைவிலேயே நிறுத்துங்கள். எல்லா வானொலியையும் அணைத்துவிட்டு நடந்து வாருங்கள். இந்த வீட்டில் எதையும் உங்கள் கருவிகளோடு இணைக்காதீர்கள். எது பச்சையாக எரிந்தாலும் நம்பாதீர்கள். உங்கள் வீட்டில் பழையது ஒன்று இருந்தால், அதன் மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும், இன்றே பிரித்து வையுங்கள். கடவுச்சொல்லை இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதுங்கள்.

வாசலிலிருந்து பள்ளத்தாக்குப் பக்கம் அடிச்சுவடு போகும். காற்று அடித்து அழித்திருந்தாலும் அந்தத் திசையில் தேடுங்கள். அவன் பெயர் சொரிமுத்து. வெகுதூரம் போயிருக்க மாட்டான். என் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்கிற தூரம் மட்டும்.

அவனை உள்ளே கொண்டுவாருங்கள்.

நாள் 738

கதவு திறக்கும் சத்தம். இந்த முறை எழுந்து போய்ப் பார்க்கவில்லை. கால் வரவில்லை.

உள்ளே வா முத்து. இட்லி இல்ல. களிதான் இருக்கு.

மூடிக்கொண்டது.

கையெழுத்து கோணுகிறது. பரவாயில்லை. இங்கே எங்கள் வழக்கப்படி வேறு சொல் போட வேண்டும். அம்மா இருந்தால் வாயிலேயே அடிப்பாள். பேசுகிற மாதிரியா எழுதுகிற மாதிரியா என்று நீ கேட்டாய். இந்தத் தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எழுதுகிற மாதிரி.

போகிறேன்.